வாசகர் கேள்வி – பதில்: ராத்திரிக் கறி, பொலோனி, கோயில் அண்டா

போன இதழில் ஒருவர், கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்த பத்துப் பேருக்கும் மறுநாள் வயிறு போனது ஏன் என்று கேட்டிருந்தார். நாலு வரியில் பதில் எழுதினேன். அதைப் படித்துவிட்டு சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மாரிட்ஸ்பர்க், லெனேசியா என்று தென்னாப்பிரிக்காவின் எல்லாப் பக்கமிருந்தும் கடிதம் வந்திருக்கிறது. முக்கால்வாசிக் கடிதத்தில் ஒரே வரி: "மோந்து பார்த்தோம் அக்கா, நல்லாத்தான் இருந்தது." டர்பன் பக்கம் 23 வருடம் உணவுச் சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்தேன், இந்த வரியை அங்கேயும் கேட்டுக் கேட்டுத்தான் வந்தேன். சாப்பாட்டை நாறவைக்கிற கிருமி வேறு, நம்மைப் படுக்கவைக்கிற கிருமி வேறு. முதலாவதை மூக்கு பிடித்துவிடும், இரண்டாவது மூக்குக்குச் சிக்காது. இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ளதைப் படியுங்கள்.

அக்கா, எங்கள் வீட்டில் ராத்திரி மட்டன் கறி வைத்தால் சட்டியை அடுப்பு மேலேயே மூடி வைத்துவிட்டு, காலையில் சூடு பண்ணி ரொட்டியில் சுருட்டி வேலைக்குக் கொண்டுபோவோம். ஆயா காலத்திலிருந்து இதே பழக்கம், யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. நர்ஸிங் படிக்கும் என் மகள் இதைப் பார்த்தாலே சண்டைக்கு வருகிறாள். யார் பக்கம் நியாயம்? – ஒரு வாசகி, ஃபீனிக்ஸ்

மகள் பக்கம்தான் தங்கச்சி. ஆனால் ஆயா செய்ததிலும் ஒரு விஷயம் இருக்கிறது, அதையும் சொல்கிறேன்.

கறி கொதித்தால் கிருமி எல்லாம் செத்துவிடும் என்று நினைக்கிறோம். பெரும்பாலானவை செத்துவிடும். ஆனால் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்று ஒன்று இருக்கிறது, இறைச்சியோடும் மண் ஒட்டிய காய்கறியோடும் வீட்டுக்குள் வரும். அதன் வித்து கெட்டி ஓட்டுக்குள் அடங்கியிருக்கும், கொதித்தாலும் சாகாது. சட்டி ஆறி 50 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் முளைத்து எழும். 43, 45 டிகிரியில், அதாவது விரல் விட்டால் நல்ல வெதுவெதுப்பாகத் தெரிகிற சூட்டில், சுமார் 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மடங்காகும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒன்று மூன்று மணி நேரத்தில் இரண்டரை லட்சத்தைத் தாண்டிவிடும். கெட்டியான மட்டன் கறி, மூடி போட்ட கனமான சட்டி, டிசம்பர் மாதக் கோடைக்கால டர்பன் ராத்திரி, இது எல்லாம் சேர்ந்தால் அந்த வெதுவெதுப்பு விடியும்வரை கூட நிற்கும். வாசனையும் மாறாது, ருசியும் மாறாது. சாப்பிட்டு எட்டிலிருந்து பதினாறு மணி நேரத்தில் வயிற்றைப் பிசைந்து போக ஆரம்பிக்கும், காய்ச்சல் அநேகமாக இருக்காது, ஒரு நாளில் நின்றுவிடும். வயசானவர்களுக்கும் ஏற்கெனவே உடம்பு பலவீனமானவர்களுக்கும் அந்த ஒரு நாளே பெரிய ஆபத்து.

சரி, ஆயா எப்படித் தப்பித்தார்? காலையில் அவர் சூடு பண்ணுவதைப் பார்த்திருப்பீர்கள், கொஞ்சம் தண்ணீர் விட்டு அடிவரை கிளறித் தளதளவென்று கொதிக்கவிடுவார். அந்தக் கொதியில் ராத்திரி முளைத்த கூட்டம் செத்துவிடும். இன்றைக்கு நாம் மைக்ரோவேவில் ஒரு நிமிடம் வைத்து ஓரம் ஆவி வந்ததும் எடுத்துவிடுகிறோம், நடுவில் வெதுவெதுப்புதான். பழக்கத்தில் ராத்திரி வெளியே வைக்கிற பாதியை வைத்துக்கொண்டோம், காலையில் கொதிக்கவைக்கிற பாதியை விட்டுவிட்டோம். அதோடு எல்லாக் கிருமியும் கொதிக்கு அடங்காது. சில கிருமிகள் விட்டுப்போகிற நச்சு எவ்வளவு கொதித்தாலும் அப்படியே இருக்கும் (அடுத்த கேள்வியில் வருகிறது). அதனால் ஆயா முறையும் முழுப் பாதுகாப்பு இல்லை.

செய்ய வேண்டியது சின்ன வேலை. நம் வீடுகளில் எல்லாம் ரெண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா அடுக்கி வைத்திருக்கிறோமே, அதில் கறியை இரண்டு விரல்கட்டை உயரத்துக்கு மேல் போகாமல் பிரித்து ஊற்றுங்கள். மூடாமல் அரை மணி நேரம் ஆவி போகவிட்டு, மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். சமைத்ததிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போயிருக்க வேண்டும். லேசான சூட்டோடு வைத்தால் ஃப்ரிட்ஜ் கெட்டுப்போகும் என்று பயப்பட வேண்டாம், டப்பாக்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் இடைவெளி விட்டு வைத்தால் போதும். முழுச் சட்டியை அப்படியே தூக்கி ஃப்ரிட்ஜில் வைப்பதுதான் பிரயோசனமில்லாத வேலை, நடுக்கறி ஆற ராத்திரி முழுக்க ஆகும்.

மீந்த சோற்றை மறுநாள் வறுத்துச் சாப்பிட்டால் ஆபத்து என்கிறார்களே, நெருப்பில் வறுத்த பிறகு என்ன ஆபத்து? பழைய சோறும் கூடாதா? – ஒரு வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

கேள்வி சரியான கேள்வி ஐயா. அரிசியோடு பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்து வரும், சோறு வெந்தாலும் சாகாது. சோறு மணிக்கணக்காக வெளியே இருந்தால் முளைத்துப் பெருகி ஒரு நச்சைச் சுரக்கும். அந்த நச்சு வாணலிச் சூட்டுக்கெல்லாம் அசையாது. நீங்கள் வறுப்பதில் கிருமி சாகலாம், அது விட்டுப்போன நச்சு சோற்றிலேயே இருக்கும். சாப்பிட்ட ஒரு மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி பிடுங்கும். ஆக, குற்றம் வறுப்பதில் இல்லை, வறுப்பதற்கு முன்னால் சோறு எங்கே கிடந்தது என்பதில் இருக்கிறது. வடித்ததும் தட்டில் பரப்பி ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்த சோற்றை மறுநாள் தாராளமாக வறுக்கலாம். ரைஸ் குக்கரிலேயே விடிய விடிய அணைத்து வைத்த சோற்றை வேண்டாம்.

பழைய சோறு கொஞ்சம் வேறு கதை. தண்ணீர் ஊற்றி வைத்த சோறு புளிக்கும்போது அந்தப் புளிப்பே பல கிருமிகளை அடக்கும். ஆனால் புளிப்பு ஏற நேரம் எடுக்கும், எல்லா ராத்திரியும் ஒரே மாதிரி ஏறாது. ஆறிய சோற்றில் சுத்தமான தண்ணீர் ஊற்றி, காலை சாப்பாட்டோடு முடித்துவிடுங்கள், சாயங்காலம்வரை வைக்காதீர்கள். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் சர்க்கரை நோய் முற்றியவர்களுக்கும் நான் கொடுக்கமாட்டேன்.

எனக்கு ஐந்து மாதம். பொலோனி (அரைத்த இறைச்சியை உருளையாக வேகவைத்து விற்பது) சாண்ட்விச் என்றால் உயிர். அம்மா தொடவே கூடாது என்கிறார். 2018-இல் நடந்தது இன்னுமா இருக்கிறது? என் மூத்த பையன் பள்ளிக்கூட டப்பாவிலும் அதுதான் போகிறது. – ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த்

அம்மா சொல்வதைக் கேளுங்கள், பிள்ளை பிறக்கும்வரை தொடாதீர்கள். ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன், அன்றைக்கு நடந்ததை நாம் சீக்கிரம் மறந்துவிட்டோம்.

2017 நடுவிலேயே ஹவுடெங் மாநில மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளுக்கு லிஸ்டீரியா நோய் வழக்கத்துக்கு மேல் வருவதை டாக்டர்கள் கவனித்தார்கள். டிசம்பர் 5-ஆம் தேதி அப்போதைய சுகாதார அமைச்சர் ஆரன் மோட்சோஅலேடி நாட்டுக்கு அறிவித்தார். ஆனால் எந்தச் சாப்பாட்டிலிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. காரணம், இந்தக் கிருமி உடம்புக்குள் போய் 70 நாள்வரை கழித்துக்கூட நோயைக் காட்டும். இரண்டு மாதத்துக்கு முன்னால் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் யாரால் சொல்ல முடியும்? 2018 ஜனவரியில் சோவெட்டோவில் ஒரு குழந்தைகள் காப்பகத்தைச் சேர்ந்த, ஐந்து வயசுக்கு உட்பட்ட ஒன்பது பிள்ளைகள் காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாக கிறிஸ் ஹானி பாரக்வநாத் மருத்துவமனைக்கு வந்தார்கள். காப்பகத்துக்குப் போன அதிகாரிகள் அங்கே ஃப்ரிட்ஜில் இருந்த பொலோனியை எடுத்துச் சோதித்தார்கள். அந்த இழையைப் பிடித்துக்கொண்டே போனதில் பொலொக்வானே ஊரில் இருந்த ஒரு தொழிற்சாலை வந்து நின்றது. மார்ச் 4-ஆம் தேதி மூலம் இதுதான் என்று அறிவித்தார்கள், செப்டம்பர் 3-ஆம் தேதி ஓய்ந்தது என்றார்கள். சோதனையில் உறுதியானவர்கள் 1,060 பேர், இறந்தவர்கள் 216 பேர். உலகத்தில் பதிவானதிலேயே மிகப் பெரிய லிஸ்டீரியா பரவல் இதுதான் என்று உலக சுகாதார நிறுவனமே சொன்னது. நோய் வந்தவர்களில் பத்துக்கு நாலு பேர் பிறந்து 28 நாள்கூட ஆகாத குழந்தைகள். அந்தக் குழந்தைகள் பொலோனி சாப்பிடவில்லை தங்கச்சி. வயிற்றில் இருக்கும்போதே தாயிடமிருந்து வந்தது. தாய்க்கு லேசான காய்ச்சல், உடம்பு வலி என்று வந்து போயிருக்கும், சிலருக்கு அதுகூட இல்லை.

அந்தத் தொழிற்சாலைப் பொருள் அன்றே கடைகளிலிருந்து எடுக்கப்பட்டது, அந்தப் பரவல் முடிந்தது. ஆனால் லிஸ்டீரியா மண்ணிலும் தண்ணீரிலும் எப்போதும் இருக்கிற கிருமி. மற்றக் கிருமிகள் பெரும்பாலும் ஃப்ரிட்ஜில் சுருண்டு படுத்துவிடும், இது 4 டிகிரியிலும் மெல்ல மெல்ல வளர்ந்துகொண்டே இருக்கும். பொலோனி, வியன்னா சாஸேஜ், பாக்கெட்டில் வரும் ஹாம் எல்லாம் சமைத்துத்தான் வருகிறது. ஆனால் சமைத்த பிறகு வெட்டும்போதும் கட்டும்போதும் கிருமி ஏறினால், அதற்குப் பிறகு அதைக் கொல்ல நம் சாண்ட்விச்சில் நெருப்பே இல்லை. கறியைப் போல அதைக் கொதிக்கவைத்தா சாப்பிடுகிறோம்?

மூத்தவனுக்கு? ஆரோக்கியமான பள்ளிக்கூடப் பிள்ளைக்கு ஆபத்து உங்களுக்கு இருப்பதைவிட எவ்வளவோ குறைவு. கொடுப்பதாக இருந்தால் தவாவில் இரண்டு பக்கமும் ஆவி பறக்கப் பொரித்து, ஆறவைத்து வையுங்கள். பாக்கெட்டைப் பிரித்தால் இரண்டு மூன்று நாளில் முடியுங்கள். அந்தப் பொலோனியைத் தொட்ட கத்தி, கை, உங்கள் சாப்பாட்டில் படக் கூடாது. ஃப்ரிட்ஜில் அதன் தண்ணீர் ஒழுகினால் சோப்புத் தண்ணீரில் துடைத்து, ப்ளீச் கலந்த தண்ணீரில் இன்னொரு தடவை துடையுங்கள். பொலோனி மலிவு என்பதால்தான் நம் வீடுகளில் வாங்குகிறோம், அது எனக்கு நன்றாகவே தெரியும், ஐந்து பேர் டப்பாவை நிரப்ப வேண்டிய தாயிடம் வேறு வாங்கு என்று சொல்வது சுலபம். அவித்த முட்டை, கெட்டியான பருப்பு, வெங்காயம் போட்டு வதக்கிய டின் ஃபிஷ், இந்த மூன்றையும் மாற்றி மாற்றிப் பாருங்கள், செலவு ஒன்றும் பெரிதாக ஏறாது.

மத்திக் கூட்டம் கரையோரம் ஓடுகிற சமயத்தில் ரோட்டோரம் பக்கியில் (பின்னால் திறந்த சிறு வண்டியில்) வைத்து விற்ற மீனை வாங்கிப் புளி ஊற்றிக் குழம்பு வைத்தேன். சாப்பிட்டு அரை மணி நேரத்தில் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் முகம் சிவந்து, தலை இடித்து, நெஞ்சு படபடத்தது. எங்களுக்கு மீன் அலர்ஜியா? – ஒரு வாசகி, ஸ்காட்பர்க்

இரண்டு பேருக்கும் ஒரே நாளில் அலர்ஜி வருமா? ஒரே சட்டியில் சாப்பிட்ட எல்லோருக்கும் ஒரே மாதிரி வந்தால் பெரும்பாலும் அது ஹிஸ்டமின் நச்சு. ஆனாலும் டாக்டரிடம் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

மத்தி, கானாங்கெளுத்தி, சூரை, நம் ஊர் ஸ்னூக், யெல்லோடெயில் மாதிரி மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்று ஒரு சத்து அதிகம். மீன் செத்த பிறகு ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் கிருமிகள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். நமக்கு அலர்ஜி வந்தால் உடம்பே சுரப்பதும் இதே ஹிஸ்டமின்தான், அதனால்தான் பார்ப்பதற்கு அலர்ஜி போலவே இருக்கும். ஒருமுறை உண்டாகிவிட்டால் பொரித்தாலும், புளி ஊற்றிக் கொதிக்கவைத்தாலும், உறையவைத்தாலும், டின்னில் அடைத்தாலும் போகாது. சிலருக்கு நாக்கில் மிளகு கடித்தது போல ஒரு சுரீர் தெரியும், அது தெரிந்தால் அந்தக் கவளத்தைத் துப்பிவிடுங்கள். நம் மிளகாய்க் குழம்பில் அதை எங்கே கண்டுபிடிப்பது என்று கேட்பீர்கள், உண்மைதான், கண்டுபிடிப்பது கஷ்டம்.

அதனால் வாங்கும்போதே பார்க்க வேண்டும். ஜூன், ஜூலையில் கரையில் வலை இழுக்கும்போது பக்கத்திலேயே நின்று வாங்கினால், கூடவே ஐஸ் போட்ட கூலர் பெட்டி கொண்டுபோங்கள். பக்கியில் கிரேட் கிரேட்டாக வைத்து, மேலே மட்டும் தண்ணீர் தெளித்துப் பளபளப்பாக விற்றால், அடியில் இருக்கும் மீனில் கை வைத்துப் பாருங்கள். சில்லென்று இல்லாவிட்டால் எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள். மற்றபடி இது சில மணி நேரத்தில் தானாகத் தணியும், மூச்சு விடக் கஷ்டமாக இருந்தாலோ நாக்கு, தொண்டை வீங்கினாலோ உடனே ஆஸ்பத்திரி.

எங்கள் கோயிலில் ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றி 800 பேருக்குச் சாப்பாடு போடுகிறோம். முதல் நாள் மத்தியானமே சமைக்க ஆரம்பிப்போம். எல்லாம் மரக்கறிதான், அதுவும் ஆடி நமக்குக் குளிர்காலம், கெடாது என்கிறார்கள் பெரியவர்கள். – ஒரு கமிட்டி உறுப்பினர், வெருலம்

இந்தக் கடிதம் வந்ததும் பழைய விஷயம் ஒன்று ஞாபகம் வந்தது. பல வருடத்துக்கு முன்னால், ஊர் பெயர் வேண்டாம், ஒரு மண்டபத்துச் சமையல்கட்டுக்கு ராத்திரி பதினோரு மணிக்குப் போனேன். ஜூலை மாதம், வெளியே நல்ல குளிர், சமையல்காரர்கள் ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள். வரிசையாக ஐந்து அண்டா, அலுமினியத் தட்டு போட்டு மூடி, மேலே ஈரத்துணி, அதற்கு மேல் ஒரு கம்பளி, சாப்பாடு சூடு ஆறக் கூடாது என்று பாசத்தோடு போர்த்தியிருந்தார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு அடுப்பை அணைத்தார்களாம். பருப்பு அண்டாவில் நீளக் கம்பித் தெர்மாமீட்டரை இறக்கினேன். நடுவில் 51 டிகிரி. ஓரத்தில் 39. ஆறு மணி நேரம் ஆகியும் அப்படி. அங்கே இருந்த ஒரு பெரியவர் தட்டைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "இப்போ இறக்கினது மாதிரி இருக்கும்மா" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை, வாசனை அப்படித்தான் இருந்தது. இந்த இதழின் முதல் கேள்வியில் சொன்ன கிருமிக்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது, இன்னும் 13 மணி நேரம் கழித்துத்தான் பந்தி.

அண்டாவின் உள்ளே குளிர்காலம் போகாது ஐயா. 60 லிட்டர் பருப்பு தன் சூட்டைத் தானே வைத்துக்கொள்ளும். மரக்கறி என்பதும் காப்பாற்றாது. பருப்பு, பீன்ஸ், உருளைக்கிழங்கு, பூசணி எல்லாவற்றிலும் மண்ணோடு வந்த வித்து உண்டு. புளித்த கஞ்சி ஓரளவு தன்னைத் தானே காத்துக்கொள்ளும். பயம் பருப்பிலும் பீன்ஸ் கறியிலும் சோற்றிலும்தான்.

நான் சொல்வது இது. முதல் நாள் வெட்டுங்கள், ஊறவையுங்கள், மசாலா அரையுங்கள், பாத்திரம் கழுவுங்கள், அது எல்லாம் தாராளமாக. அடுப்பைப் பற்றவைப்பது மட்டும் அன்றைக்கு விடியற்காலை. ஆள் போதாது என்றால் இளைஞர்களை விடியற்காலை மூன்று மணிக்கு வரச் சொல்லுங்கள், காவடிக்கு வருகிறவர்கள் இதற்கும் வருவார்கள். சமைத்ததைச் சிறு தீயிலேயே வைத்துப் பரிமாறுங்கள், சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது, மூடிவைத்தால் சூடு நிற்கும் என்று நம்ப வேண்டாம், தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள். கமிட்டி ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வைத்தால் பல வருடம் வரும். முன்கூட்டியே சமைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் அகலத் தட்டுகளில் மெல்லியதாகப் பரப்பி, குளிர் அறை உள்ள இடத்தில் வையுங்கள், மறுநாள் கொதிக்கவைத்துத்தான் பந்திக்கு.

இன்னொன்று, சொல்லச் சங்கடம்தான். பரிமாறுகிறவர் விரலில் வெட்டுக்காயமோ கட்டியோ இருந்தால் அன்றைக்கு அவர் கை சாப்பாட்டில் படக் கூடாது. ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற கிருமி புண்ணிலும் மூக்கிலும் குடியிருக்கும், சோற்றில் ஏறி வெதுவெதுப்பில் நச்சைச் சுரந்துவிட்டால் பிறகு கொதிக்கவைத்தும் பலனில்லை. எத்தனை வருடம் தொண்டு செய்தவராக இருந்தாலும் அன்றைக்கு அவரைச் செருப்பு வைக்கிற இடத்திலோ தண்ணீர் ஊற்றுகிற இடத்திலோ மரியாதையாக உட்காரவையுங்கள்.

கரண்ட் 14 மணி நேரம் போய் வந்தது. டீப் ஃப்ரீசர் நிறைய இறைச்சி. எறிய மனசு வரவில்லை. – ஒரு வாசகர், டோங்காட்

2022 ஏப்ரல் வெள்ளத்தில் கரண்டும் போய், தண்ணீரும் மாதக்கணக்கில் வராமல் உங்கள் ஊர் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும், அதற்குப் பிறகு 2023 லோட்ஷெடிங், அதாவது முறைவைத்து வந்த மின்வெட்டு. எறிய மனசு வராதது நியாயம். எறியவும் வேண்டியிருக்காது. மூடியே இருந்த, நிரம்பிய ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிரம்பியது 24 மணி நேரம். இறைச்சியில் ஐஸ் படிகம் இன்னும் தெரிந்தால், கல் மாதிரி இருந்தால், பயமில்லை. ஃப்ரிட்ஜ்தான் தாங்காது, நாலு மணி நேரம்தான் கணக்கு. அதற்கு மேல் போனால் சமைத்த சாப்பாடு, பால், இறைச்சி எல்லாம் போக வேண்டியதுதான்.

ஊரில் இல்லாதபோது கரண்ட் போய் வந்ததா என்று தெரிய ஒரு வழி உண்டு. ஒரு கப்பில் தண்ணீரை உறையவைத்து, மேலே ஒரு நாணயத்தை வைத்து ஃப்ரீசரில் விட்டுப்போங்கள். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் சரி. கப்பின் அடியில் போய் உறைந்திருந்தால் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். எதையும் திறந்துகூடப் பார்க்காமல் எறிந்துவிடுங்கள்.

கோழியை மஞ்சள் போட்டு மூன்று தண்ணீர் கழுவுவேன். மருமகள் கழுவவே கூடாது என்கிறாள். – ஒரு வாசகி, மியர்பேங்க்

மருமகள் சொல்வது சரி அம்மா. கோழியில் இருக்கும் கேம்பிலோபாக்டர், சால்மொனெல்லா இரண்டும் கழுவினால் போகாது, தண்ணீரோடு தெறித்துத் தொட்டியிலும் பக்கத்தில் இருக்கும் கொத்தமல்லியிலும் போய் உட்காரும். நன்றாக வெந்தால் இரண்டும் செத்துவிடும். கழுவாமல் மனசு ஒப்பாது என்றால் குழாயைத் திறக்காமல் ஒரு பாத்திரத் தண்ணீரில் மெதுவாக அலசி, தொட்டியை உடனே சோப்புப் போட்டுத் தேயுங்கள். மஞ்சளைக் கறியில் போடுங்கள்.

ஸ்லோ குக்கரில் பீன்ஸ் கறி வைத்தேன், பனி சௌவுக்கு (ரொட்டியைக் குடைந்து உள்ளே கறி ஊற்றுவது). எல்லோருக்கும் வாந்தி. பீன்ஸ் கெட்டதா? – ஒரு வாசகர், லெனேசியா

கெடவில்லை தம்பி, வேகவில்லை. சிவப்பு கிட்னி பீன்ஸில் பிறவியிலேயே ஒரு நச்சு உண்டு, வேகாத நாலைந்து பீன்ஸ் மணியே போதும் வாந்தி எடுக்க. நல்ல கொதியில்தான் அது அழியும், ஸ்லோ குக்கரின் மந்தச் சூட்டுக்கு அழியாது. ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் தளதளவென்று குறைந்தது பத்து நிமிடம் கொதிக்கவிட்ட பிறகு குக்கருக்குப் போகட்டும். டின் பீன்ஸுக்கு இந்தக் கவலை இல்லை, அது வெந்துதான் வருகிறது.

அப்புறம் கடலை வெண்ணெய்? – இதைக் கேட்டு மட்டும் ஐந்து கடிதம்

2024 பிப்ரவரியில் தேசிய நுகர்வோர் ஆணையம் சில பெயர்களில் வந்த கடலை வெண்ணெயைத் திரும்பப் பெறச் சொன்னது, அஃப்ளடாக்சின் அளவுக்கு மேல் இருந்ததால். இது கிருமி இல்லை, கடலையில் வளரும் பூஞ்சணத்தின் நச்சு, வறுத்தாலும் முழுதாகப் போகாது, வருடக்கணக்காகச் சேர்ந்தால் ஈரலைக் கெடுக்கும். ஒரு ரொட்டியில் தடவித் தின்றதற்கு இரவெல்லாம் தூங்காமல் இருக்க வேண்டாம். சில்லறையாகக் கடலை வாங்கும்போது சுருங்கியது, நிறம் மாறியது, பூசணம் பூத்தது எல்லாம் பொறுக்கி எறியுங்கள். மூட்டையை ஈரத்தில் வைக்காதீர்கள்.

வயிறு போக ஆரம்பித்தால் வீட்டில் என்ன செய்வது, எப்போது ஆஸ்பத்திரி போவது? தாத்தாவுக்கு 81 வயசு. – ஒரு வாசகி, ஸ்டாங்கர்

முதலில் போன தண்ணீரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடக் கூடாது, கண்ணளவில் போடாதீர்கள். ஒரேயடியாகக் குடிக்கவைத்தால் வாந்தியில் போய்விடும், வாய் வாயாக, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை. தாத்தா இரத்த அழுத்தத்துக்கோ இருதயத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் வீட்டில் காத்திருக்காமல் கிளினிக்கில் முதலிலேயே கேளுங்கள். மலத்தில் இரத்தம், விடாத காய்ச்சல், ஆறேழு மணி நேரமாக சிறுநீர் போகாதது, பேச்சுத் தடுமாற்றம், குழந்தைக்குக் கண் குழிவிழுந்து அழுதாலும் கண்ணீர் வராதது, இதில் ஒன்று தெரிந்தாலும் ராத்திரியென்று பார்க்காமல் கிளம்புங்கள். கர்ப்பிணிக்குக் காய்ச்சல் என்றாலே போக வேண்டும், வயிறு போகாவிட்டாலும்.

மீதிச் சாப்பாட்டைக் கோபத்தில் கொட்டிவிடாதீர்கள். ஒரு டப்பாவில் போட்டு மூடி, யாரும் தொடக் கூடாது என்று எழுதி ஒட்டி, ஃப்ரிட்ஜில் தனியாக வையுங்கள். இரண்டு மூன்று பேருக்கு ஒன்றாக வந்திருந்தால் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள், நகராட்சி சுகாதார அலுவலகத்துக்கும் தெரியப்படுத்துங்கள், என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். சோவெட்டோவில் அந்தக் காப்பகத்து ஃப்ரிட்ஜில் பொலோனி மீதி இருந்ததால்தான் அந்தத் தொழிற்சாலைவரை போக முடிந்தது.